வந்தவர்களும் நின்றவர்களும்: வன்னித் திருச்சபைகளும் ஊழியப் பயணங்களும்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழா ஆயத்தக் கூட்டங்களில் ஒரு யோசனை பலமுறை முன்வைக்கப்பட்டது. விழாவுக்காக லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் ஆகிய இடங்களிலிருந்து வரும் சகோதரிகள் தத்தம் சபையாரையும் கூட்டிக்கொண்டு, இரண்டு வாரம் வன்னியில் தங்கி, அங்குள்ள விசுவாசிகளுக்கு உதவிசெய்து திரும்பலாம் என்பதே அந்த யோசனை. பலர் மகிழ்ந்தனர். சிலர் தயங்கினர். வன்னியில் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் நெடுங்காலம் வாழ்ந்துவரும் பழைய மாணவிகளான எம்மிடம், இதுபற்றி மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். வெளியூர் விசுவாசிகள் வன்னிக்கு வருவது புதிய காரியமல்ல. முன்னர் வந்தவர்கள் எதை விட்டுச் சென்றார்கள் என்பதைப் பார்த்தால், இப்போது வரவிருப்பவர்களுக்கு வழி தெரியும் என்று எண்ணுகிறோம்.

கோவையிலிருந்து அல்ல, கோவாவிலிருந்து

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியபின் கத்தோலிக்க குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். ஆலயங்கள் பறிக்கப்பட்டன. ஒல்லாந்தரின் பிடி கரையோரத்தில் இறுக்கமாகவும் வன்னிக் காட்டில் தளர்வாகவும் இருந்தது. மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சுரூபத்தைக் காட்டுவழியே மடுவுக்குக் கொண்டுவந்த குடும்பங்களின் கதை இன்றும் வன்னியில் சொல்லப்படுவது.

குருவானவர் இல்லாத அந்தச் சபையைத் தேடி 1687இல் கோவாவிலிருந்து வந்தவர் யோசேப் வாஸ் அடிகள். ஐரோப்பியர் வந்தால் உடனே பிடிபடுவர். இந்தியர் ஒருவர் ஏழைக் கூலியாளின் உடையில் வந்தால் கண்ணில் படமாட்டார். அவர் சில்லாலையில் மறைந்திருந்து பணிசெய்து, பின்னர் புத்தளம் வழியாகக் கண்டிக்குப் போனார். 1711 ஜனவரி 16இல் கண்டியில் காலமாகும்வரை, இருபத்துநான்கு ஆண்டுகள் அவர் ஊர் திரும்பவில்லை. அவரைத் தொடர்ந்து கோவாவின் ஒறட்டோரியன் சபைக் குருமார் சுமார் ஒன்றரை நூற்றாண்டு இலங்கையில் உழைத்தனர். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்து, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தபோது, அந்தப் பழைய வரலாறு எம் கண்முன் வந்து நின்றது.

ஆயினும் ஒன்றை மறக்கக்கூடாது. ஒரு சில குருமாருக்கு முழு நாடும் பங்கு. ஒரு கிராமத்துக்கு அவர்கள் வருவது அரிது. வந்தாலும் சில நாள்தான். இன்று நாம் பேசும் குறுகிய காலப் பயணம்தான் அன்றைய வழமை. அவர் போனபின் செபம் சொல்லிக்கொடுத்தவர், பிள்ளைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தவர், இறந்தவரை அடக்கம் செய்தவர் யார்? ஊரிலிருந்த மூப்பரும் அண்ணாவியாருமே. குருவானவர் வந்து ஊக்கம் கொடுத்தார். சபையைக் காத்தவர்கள் ஊரிலேயே இருந்தவர்கள்.

திரும்பிப் போகாதவரும் கைமாற்றிப் போனவரும்

1816இல் அமெரிக்க மிஷனரிமார் குடாநாட்டில் பணியைத் தொடங்கினர். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய உடுவில் பாடசாலைக்கு 1840இல் வந்தவர் எலைசா அக்னியூ அம்மையார். சுமார் நாற்பது ஆண்டுகள் கற்பித்தார். தாயையும் மகளையும் பேத்தியையும் ஒரே வகுப்பறையில் கண்டார். ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குப் போய்வராமல் 1883இல் இங்கேயே கண்மூடினார். ‘ஆயிரம் புத்திரிகளின் தாய்’ என்று அவரை அழைத்தனர்.

எல்லோரும் அக்னியூ அம்மையாராக முடியாது. அப்படியானால் திரும்பிப் போகிறவர் என்ன செய்யலாம்? அதற்கு விடை டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்த அவர் மானிப்பாயில் வைத்தியம் செய்தார். அத்துடன் நில்லாமல் உள்ளூர் இளைஞருக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை ஆக்கினார். அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பயிற்றுவித்துவிட்டு 1873இல் அமெரிக்கா திரும்பினார். அவர் கப்பலேறிய மறுநாளும் நோயாளிகளுக்கு மருந்து கிடைத்தது. கொடுத்தவர்கள் தமிழ் வைத்தியர்கள். தாம் இல்லாமலே வேலை நடக்கும்படி செய்துவிட்டுப் போனதுதான் கிறீன் அவர்கள் செய்த பெரிய ஊழியம் என்போம்.

யாழ்ப்பாணத்திலிருந்து தொண்டிக்கு

வெளிநாட்டார் வருவார்கள், நாம் வாங்குவோம் என்றே எம் முன்னோர் இருந்துவிடவில்லை. 1847இலேயே யாழ்ப்பாணக் கிறிஸ்தவர் தமக்கெனச் சுதேச சுவிசேஷ சங்கம் ஒன்றை அமைத்து, தங்கள் பணத்தில் தீவுப்பகுதிகளுக்கு ஊழியரை அனுப்பினர். சோற்றுக்கு அரிசி களையுமுன் ஒரு பிடி எடுத்து வேறாக வைக்கும் பிடியரிசி வழக்கம் எங்கள் பாட்டிமாரின் காலத்திலும் இருந்தது. வீட்டுப் பெண்ணின் கையில் காசு இல்லாத காலத்தில் அவள் கையில் இருந்தது அந்த அரிசிதான்.

1884இல் பிராங்க் சாண்டர்ஸ் என்னும் இளம் ஆசிரியரின் முயற்சியால் யாழ்ப்பாணக் கல்லூரியில் மாணவர் வை.எம்.சி.ஏ. தொடங்கியது. 1900இல் யாழ்ப்பாண மாணவர்கள் பிறநாட்டு மிஷனரிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். கடலுக்கு அப்பால், இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பினர். நாடு வேறு, மொழி ஒன்று.

இதன் பலன் அவர்கள் நினைத்ததிலும் பெரிதாயிற்று. 1902இல் திருநெல்வேலியைச் சேர்ந்த வே. ச. அசரியா, வை.எம்.சி.ஏ. செயலாளராக யாழ்ப்பாணம் வந்தார். சின்னஞ்சிறு யாழ்ப்பாணச் சபை தம் நாட்டுக்கு மிஷனரிகளை அனுப்புவதைக் கண்டு அவர் மனம் குத்துண்டது. இவ்வளவு பெரிய திருநெல்வேலிச் சபை யாரையும் அனுப்பவில்லையே என்று எண்ணினார். மறு ஆண்டு, 1903 பெப்ரவரி 12இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1905 கிறிஸ்மஸ் தினத்தில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியது. 1912இல் அசரியா இந்தியாவின் முதலாவது சுதேச அங்கிலிக்கன் பேராயரானார். 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளை மிஷனரிமார் முன்னிலையில் அவர் கேட்டது பணத்தையல்ல, சரிசமமான நட்பை. அந்தப் பேச்சு நடந்து நூறாண்டு கடந்தும் எமக்கு அது பழையதாகத் தோன்றவில்லை.

வன்னி கண்ட நாட்கள்

1895இல் வெளியான தம் வன்னி மாவட்டக் கைந்நூலில், அங்கு அதிகாரியாக இருந்த ஜே. பி. லூயிஸ் காட்டுவது உடைந்த குளங்களும் காய்ச்சலும் குறைந்த சனத்தொகையும் கொண்ட நிலம். இருபதாம் நூற்றாண்டில் இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றங்கள் எழுந்தன. குடாநாட்டாரும், பின்னர் இனக்கலவரங்களால் துரத்தப்பட்ட மலையகத்தாரும் வந்தனர். அவர்களோடு சபைகளும் வந்தன. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம், மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகள், கத்தோலிக்க மறைமாவட்டங்கள் என யாவும் இங்கு சிறு சிறு ஆலயங்களைக் கொண்டிருந்தன.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் புறப்பட்டபோது எம்மில் பலரும் அதில் இருந்தோம். தென்மராட்சியில் தங்கி, கிளாலிக் கடல் கடந்து வன்னியை அடைந்தோம். அங்கு எம்மை வரவேற்றவர்கள் எந்த வெளிநாட்டுக் குழுவுமல்லர். ஓலைக் கொட்டிலில் ஆராதனை நடத்திய ஏழைச் சபையாரும், சைவ அயலவர்களும்தான். அரைக் கொத்து அரிசியை இரண்டு குடும்பத்துக்குப் பங்கிட்டார்கள். மரநிழலில் நாம் பாடசாலை நடத்தினோம்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்தபோது வெளியூர்ச் சபைக் குழுக்களும் வரத் தொடங்கின. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை அழித்தபின் அந்த வருகை பெருகியது. நல்லவர்கள் பலர் வந்தார்கள். அவர்கள் அழுதது பொய்யழுகையல்ல. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2008 செப்டெம்பரில் வெளியேறுமாறு அரசு பணித்ததையடுத்து ஐக்கிய நாடுகள் நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டுச் சென்றன. போகவேண்டாம் என்று வாசலில் மக்கள் கூடி நின்று மன்றாடியதை உலகம் படத்தில் கண்டது.

அதன்பின் அங்கிருந்தவர்கள் யார்? குருமார், போதகர்கள், கன்னியர், வைத்தியர்கள், தாதியர், ஆசிரியைகள். புதுமாத்தளனிலிருந்து காயமடைந்தோரைச் செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் ஏற்றியபோது அவர்களைக் கரைவரை தூக்கிவந்தவர்கள் ஊரவர்களே. 2009 மே மாதத்தின் பின் செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்த காலத்திலும், தறப்பாளின் கீழே ஞாயிறு ஆராதனையையும் பிள்ளைகளுக்கான வகுப்பையும் முதலில் தொடங்கியவர்கள் உள்ளேயிருந்தவர்களே. அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

நாம் கற்றுக்கொண்டவை

மீள்குடியேற்றத்தின்போது நாமும் உதவி என்று புறப்பட்டுத் தவறியதுண்டு. வெளிநாட்டுத் தோழியர் அனுப்பிய உடுப்புப் பெட்டிகளைத் திறந்தபோது பாதி குளிர்காலக் கோட்டுகளாக இருந்தன. வன்னி வெயிலில் அவற்றை என்ன செய்வது? இன்னொரு முறை ஒரு முன்பள்ளிக்கு ஊஞ்சலும் சறுக்கியும் வாங்கிக் கொடுத்து, படமும் பிடித்துக்கொண்டோம். அங்கு கற்பித்த ஆசிரியைக்குப் பல மாதமாகச் சம்பளம் இல்லை என்பது திரும்பி வந்தபின்தான் தெரிந்தது. அந்தப் பிள்ளை எம்மிடம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. கேட்காதது எம் குற்றமே.

ஆகவே, வரவிருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். முதலாவது, நாள் குறிக்குமுன் உள்ளூர்ச் சபையிடம் கேளுங்கள். உங்கள் விடுமுறை ஜூலை, ஓகஸ்டில் வருகிறது. வயல் செய்யும் குடும்பங்களுக்கு அது சிறுபோக அறுவடைக் காலமாக இருக்கலாம். விருந்தினர் வந்தால் எம் சனம் வேலையை விட்டுக் கோழி அடித்துச் சமைக்கும். கடன்பட்டும் சமைக்கும். அந்தச் செலவை நினைவில் வைத்திருங்கள்.

இரண்டாவது, உதவியையும் மதத்தையும் ஒரே பொட்டலத்தில் கட்டாதீர்கள். பேரிடர் நிவாரணத்தை மத நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று 1994இன் செஞ்சிலுவை நடத்தைக் கோவை கூறுகிறது. அதை முன்னின்று ஏற்றவற்றுள் கரித்தாஸ், உலக லூதரன் சம்மேளனம், உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியனவும் அடங்கும். நீங்கள் போனபின் சைவ அயலவரோடு ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளப்போகிறவர்கள் எம் விசுவாசிகள். விசா விதிகளையும் முன்கூட்டியே விசாரித்து, அதன்படி நடவுங்கள்.

மூன்றாவது, நீங்கள் போனபின் யார் செய்வார் என்று ஒவ்வொரு வேலைக்கும் கேளுங்கள். சுவருக்கு வர்ணம் பூச ஊரில் மேசன்மாரும் பெயின்ரர்மாரும் உண்டு. அவர்களுக்குக் கூலி வேண்டும். அதேவேளை, உங்களில் ஒரு தாதி எம் தாதியருக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தால் அது இருபது வருடம் நிற்கும். உளவளத் துணையில் தேர்ந்தவர் எம் ஆசிரியைகளோடு தமிழில் பேசினால் அந்தப் பயன் ஊர் முழுவதும் பரவும். கிறீன் வைத்தியர் காட்டிய வழி அது.

வரவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போர்க்காலத்தில், எம்மை யாரும் நினைக்கவில்லையோ என்ற எண்ணம் பசியைவிட வருத்தியது. கடல்கடந்து ஒருவர் வந்து எம் பாயில் உட்கார்ந்து, எம் கதையை அவசரப்படாமல் கேட்டுவிட்டுப் போவது பெரிய ஆறுதல். வாஸ் அடிகளை எதிர்பார்த்திருந்த காட்டுக் கிராமத்தாரின் மகிழ்ச்சியும் இதுவாகவே இருந்திருக்கும்.

நூற்றாண்டு நிதியிலிருந்து, பயணச் செலவுக்குச் சமமான தொகையை வன்னி முன்பள்ளி ஆசிரியைகளின் மாதாந்தக் கொடுப்பனவுக்கு ஒதுக்குமாறு சங்கத்தை வேண்டுகிறோம். வருகிறவர் ஒருவருக்கு நிற்கிறவர் ஒருவர் என்பது எம் கணக்கு. இன்னொன்றும் கேட்கிறோம். அடுத்த பயணம் வன்னியிலிருந்தும் புறப்படட்டும். இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு மரத்தடியில் கற்பித்த அனுபவம் எம்மிடம் உண்டு. அது தேவைப்படும் நாடுகள் இன்று பல. அன்று தொண்டிக்கு ஆளனுப்பிய யாழ்ப்பாணமும் செல்வம் நிறைந்த ஊராக இருக்கவில்லை. பிடியரிசி போட எம் வீடுகளில் இன்னும் பானை இருக்கிறது.