யமஹா ஆர்எக்ஸ் 100: குறைந்த செலவில் புதுப்பித்தல்

யமஹா ஆர்எக்ஸ் 100, ஜப்பானின் யமஹா நிறுவனத்துடன் செய்துகொண்ட தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்படி எஸ்கார்ட்ஸ் குழுமம் 1985 நவம்பர் முதல் 1996 மார்ச் வரை இந்தியாவில் தயாரித்த சிறிய மோட்டார் சைக்கிள். உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு கடந்த பிறகும், நின்றுபோன வண்டிகளைத் தேடிப் பிடித்து மறுபடி ஓடவைக்கும் வேலை நாடெங்கும் நடக்கிறது. வண்டிப் பிரியர்கள் இதை ‘ரெஸ்டோர் செய்வது’ என்பார்கள்.

எஞ்சின் 98 சி.சி. கொள்ளளவு கொண்ட ஒற்றைச் சிலிண்டர், காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் வகை. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மி.மீ. தான். நிமிடத்துக்கு 7,500 சுழற்சியில் 11 குதிரைத்திறன் தரும். வண்டியின் எடை ஏறத்தாழ 100 கிலோ. அதன் புகழ்பெற்ற ‘பிக்கப்’ இந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது. இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட் கிடையாது, டைமிங் செயின் கிடையாது, சிலிண்டர் ஹெட்டில் வால்வுகளும் கிடையாது. உள்ளே ஓடும் பாகங்கள் சொற்பம் என்பதால் தெருமுனைப் பட்டறையிலேயே முழுதாகப் பிரித்து மாட்டிவிடலாம்.

ஆனால் வண்டியின் விலை வேறு கதை. ஆர்எக்ஸ் 100 மீதுள்ள மோகத்தால் ஓடாத வண்டிக்கும் பெரிய தொகை கேட்கிறார்கள். கையில் காசு குறைவாக இருப்பவர், அதே காலத்தில் ஓசூரில் உருவான இந்த் சுசுகி ஏஎக்ஸ் 100-ஐயும் தேடிப் பார்க்கலாம். அதுவும் நல்ல டூ ஸ்ட்ரோக் வண்டிதான்.

முதலில் காகிதம்

செலவைத் தீர்மானிப்பது எஞ்சினைவிட ஆர்.சி. புத்தகம் என்னும் பதிவுச் சான்றுதான். ஹேண்டில் கழுத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். எண் அழிந்திருந்தாலோ, மறுபடி பொறித்த தடம் தெரிந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டி வேண்டாம். மோட்டார் சைக்கிளின் முதல் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1996-இல் பதிவான கடைசி வண்டிகளுக்கே 2011-இல் அந்தக் கெடு முடிந்துவிட்டது. ஆகவே புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி, பழைய கடன் பதிவு நீங்கியதா என்பதையெல்லாம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

எஞ்சின்

பல ஆண்டுகள் நின்ற வண்டியை வாங்கியவுடன் பெட்ரோல் ஊற்றி உதைப்பது பெரும் தவறு. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2டி ஆயில் கொஞ்சம் விட்டு, ஒருநாள் ஊறவைத்து, மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கை மாட்டிய பின்பும் கிக்கர் தடையே இல்லாமல் இறங்கினால் கம்ப்ரஷன் போய்விட்டது என்று பொருள்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து 0.25 மி.மீ. பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். அடுத்த முறை 0.50. ஒவ்வொரு முறை போர் போடும்போதும் சிலிண்டரின் ஆயுள் ஒரு படி குறையும். ரிங் மாற்றினாலே போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். போர் போட்டே ஆகவேண்டும் என்றால், பிஸ்டனை முதலில் வாங்கி, அதையே லேத் பட்டறையில் கொடுத்து அதன் அளவுக்குக் கடையச் சொல்ல வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது கிராங்க் ஆயில் சீல்களை. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் பெட்டியே பெட்ரோல் கலவையை உறிஞ்சித் தள்ளும் பம்பு. அதில் காற்று கசியக் கூடாது. மேக்னெட்டோ பக்க சீல் காய்ந்து வெடித்தால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலியும். எஞ்சின் தானாக ரேஸ் ஆகும், சூடேறும், பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு எரியும். பின்னால் வெண்புகை மண்டும். புகைக்குக் காரணம் பிஸ்டன்தான் என்று போர் போட்டுவிட்டு, புகை நிற்காமல் தவிப்பவர்கள் உண்டு. எஞ்சினைப் பிரித்தால் இரண்டு சீல்களையும் மாற்றாமல் மூடக் கூடாது. மொத்தச் செலவில் இவற்றின் விலை ஒரு பொருட்டே இல்லை.

ஆயில் பம்பும் கவனிக்க வேண்டியதுதான். ஆயில் தொட்டியிலிருந்து 2டி ஆயிலைத் தேவைக்கேற்ப எஞ்சினுக்கு அனுப்பும் இந்தப் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுவது பரவலான பழக்கம். பம்பு நல்ல நிலையில் இருந்தால் அதை வைத்துக்கொள்வதே சரி. கழற்றி மாட்டிய பின் குழாயில் தங்கிய காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். காற்றுக் குமிழி அடைத்தால் ஆயில் போகாது. புதிய பிஸ்டன் சில நிமிடங்களில் கெடும்.

டாங்க்கும் துருவும்

துருவேறிய டாங்க்கை மாற்ற வேண்டியதில்லை. பழைய நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கி, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து நிரப்பி ஓரிரவு விட்டால் துரு இளகும். பிறகு சமையல் சோடா நீரால் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, சிறிது 2டி ஆயிலை உள்ளே சுழற்றிவிட வேண்டும். இப்போது கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டையும் புதிதாகப் போடுவது நல்லது.

அடுத்த செலவு பிரேக் ஷூ, டயர், செயின் செட், கோன் செட், ஒயரிங் ஆகியவற்றுக்கு. இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். இந்த வண்டியின் வேகத்துக்கு அது முழு நலத்தோடு இருந்தாக வேண்டும்.

பெயின்டும் குரோமும் கடைசி. பலர் அங்கேதான் தொடங்கி, பணம் தீர்ந்து, பளபளக்கும் ஓடாத வண்டியோடு நின்றுவிடுகிறார்கள். லேசாகத் துருப்பிடித்த குரோமை நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தாலே பெரும்பகுதி மீளும். மங்கினாலும் கம்பெனி பெயின்ட் எஞ்சியிருந்தால் அதை உரிக்காமல் பாலிஷ் போட்டு வைப்பதே அழகு.

உதிரிபாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், டெல்லியில் கரோல்பாக்கும் பெயர்பெற்றவை. போலிகள் ஏராளம். நல்ல நிலையிலுள்ள பழைய அசல் பாகம், பளபளக்கும் புதிய போலியைவிட மேல். கழற்றிய அசல் பாகங்களையும் எடைக்குப் போட்டுவிடக் கூடாது.

வண்டியை அசலாக வைத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. 2021-இல் வந்த மத்திய அரசின் விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனி எண் வரிசையில் பதிவுசெய்ய வழி செய்கின்றன. முதலில் வெளிவந்த ஆர்எக்ஸ் 100 வண்டிகள் அந்தத் தகுதியை 2035-இல் எட்டும்.