பாலம் இருக்கு, ஊர் எங்கே?

பழைய புத்தகக் கடையில் வாங்கிய படப்புத்தகம் ஒன்றில்தான் அந்தப் பாலத்தைப் பார்த்தேன். இங்கிலாந்தில் டெர்பிஷயர் பக்கம் கெடில்ஸ்டன் மாளிகை. அதற்குப் போகும் வண்டிப்பாதையில் மூன்று வளைவுகளோடு ஒரு கல்பாலம். 1770 வாக்கில் கட்டியது.

ஆறு குறுக்கே கிடந்தால் பாலம் கட்டுவார்கள். இங்கே நடந்தது தலைகீழ். கட்லர் புரூக் என்ற சின்ன ஓடையைத் தேக்கி ஏரியாக்கினார்கள். அதன்மேல் பாலம் போட்டார்கள். வருகிறவன் பாலமேறும்போது எதிரே மாளிகை தெரியணும், அவ்வளவுதான் விஷயம். வேறொன்றும் தெரியக்கூடாது. கெடில்ஸ்டன் என்ற ஊரே அந்த மாளிகைப் பக்கத்தில்தான் இருந்தது. சொந்தக்காரர் நத்தானியல் கர்சன் அதைப் பெயர்த்து வேறிடம் அனுப்பினார். பொதுப்பாதையையும் தள்ளிப் போட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம் மட்டும் நின்றது. உள்ளே அவர் முன்னோர்களின் சமாதிகள் இருக்கின்றன!

அந்த ஊரைச் சேரி என்று சொல்ல மாட்டேன். பெயர்க்கப்பட்ட வெள்ளைக்காரக் குடியானவன் போன இடத்தில் ஊர்க்காரனாகிவிடலாம். நம்ம சனம் எங்கே போனாலும் சேரி முன்னாடியே போய் நிக்கும். ஆனாலும் உழைக்கிறவன் வேணும், அவன் குடிசை கண்ணில் படக்கூடாது என்கிற புத்தி நமக்குப் புதுசா என்ன? பாலத்துக்கு ராபர்ட் ஆடம் பெயரைச் சொல்கிறார்கள். அவர் வரைந்தவர். கல் சுமந்தவனை யார் சொல்கிறார்கள்?

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், அந்த வீட்டுப் பிள்ளைதான் நம்மை ஆண்ட கர்சன் பிரபு. 1859இல் கெடில்ஸ்டனில் பிறந்தவர். 1899 முதல் 1905 வரை வைஸ்ராய். வேடிக்கை பாருங்கள், கல்கத்தாவில் அவர் குடியிருந்த அரசு மாளிகையும் கெடில்ஸ்டனைப் பார்த்து 1803இல் கட்டி முடித்ததுதான். சொந்த வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கே வந்தது மாதிரி.

1904இல் புராதனச் சின்னங்களைக் காக்கும் சட்டம் அவர் காலத்தில்தான் வந்தது. கோயில், கோட்டை, கல்லறை எல்லாம் காப்பாற்ற வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஒரு ஊரையே துடைத்த வீட்டில் வளர்ந்தவருக்குப் பழசு என்றால் கல்தான் ஞாபகம் வந்திருக்கிறது. மண்சுவரும் கூரையும் எந்தச் சட்டத்தில் வரும்?

1987இல் மாளிகையும் தோட்டமும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை கைக்குப் போயின. இப்போது யாரும் சீட்டு வாங்கிப் பார்க்கலாம். என் புத்தகத்தில் பாலத்துக்கு ஒரு முழுப்பக்கம். மாளிகைப் பக்கம் ஊர் இருந்த இடத்தில் புல்வெளி.