உள்ளே ஒரு விலாசம், வெளியே ஒரு விலாசம்

சேதராப்பட்டுக்குப் போயிருக்கிறீர்களா? ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது, சுற்றிலும் தமிழ்நாடு! பிரெஞ்சுக்காரர் காலத்தில் சுற்றி இருந்தது பிரிட்டிஷ் நிலம். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று, அமைப்பு மாறவில்லை. புதுவை டவுனுக்குப் போவதென்றாலும் அடுத்தவர் மண்ணைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

லினக்ஸ் 'கன்டெய்னர்' இதே ரகம். ஒரே கம்ப்யூட்டருக்குள் தடுப்புக் கட்டிய தனிக்குடித்தனம். 2008-ல் எல்.எக்ஸ்.சி., 2013-ல் டாக்கர் என்று வந்தவை. உள்ளே தனி விலாசம் உண்டு, 172.17.0.2 என்பது போல. ஆனால், வெளி இன்டர்நெட்டில் அதைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஊரெல்லாம் அதே விலாசம்தானே!

பிறகு எப்படி வெளியே போகிறது? கன்டெய்னரிலிருந்து தாய் மெஷினின் 'பிரிட்ஜ்' வரை ஒரு கற்பனைக் கேபிள். தாய் மெஷின், அனுப்புநர் விலாசத்தை அடித்துவிட்டுத் தன் விலாசத்தை எழுதி அனுப்பும். பதில் வந்ததும், குறித்து வைத்த கணக்கைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும்.

'நாட்' எனப்படும் இந்தத் தந்திரத்தை எகவாங், ஃபிரான்சிஸ் இருவரும் 1994 மே மாதம் எழுதி வைத்தபோது கன்டெய்னர் அவர்கள் கனவிலும் இல்லை. சுமார் 430 கோடி விலாசங்களும் தீர்ந்துவிடுமே என்ற பயம்தான் காரணம். தற்காலிக ஒட்டு என்று அவர்களே சொன்னார்கள். நிரந்தர வைத்தியமான ஐபிவி6-க்கு 1995-லேயே விதி எழுதியாயிற்று. ஒட்டுதான் இன்னும் பிய்யவில்லை!

ஒன்று: வெளியார் தாமாக உள்ளே வர முடியாது. தாய் மெஷினில் அதற்கென ஒரு போர்ட்டைத் திறந்துவிட வேண்டும்.

எல்லாம் செய்தும் நெட் வரவில்லையா? கன்டெய்னரைத் திட்டாதீர்கள். தாய் மெஷினில் 'ஐபி ஃபார்வர்டிங்' 1-ஆ, 0-வா என்று பாருங்கள். லினக்ஸில் அது பிறவியிலேயே 0. இது தெரியாமல் நான் ஒரு ராத்திரி முழுக்கக் கண் விழித்திருக்கிறேன்.