நகரும் அறையில் நெருப்பு: ரயில்பெட்டியும் கேரவனும் குளிரை எதிர்கொண்ட வரலாறு

கீழ்க்கட்டளையிலும் தாம்பரத்திலும் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில்கூட வெப்பநிலை பொதுவாக 20 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பதும் போர்வையை இழுத்துக்கொள்வதுமே இங்கே குளிருக்குச் செய்யப்படும் ஏற்பாடுகள். ஆனால் இதே சென்னையின் வடபகுதியிலுள்ள பெரம்பூரில்தான், பனி பொழியும் காஷ்மீருக்கான சூடேற்றப்பட்ட ரயில்பெட்டிகள் கட்டப்பட்டன. ஓடும் பெட்டிக்குள் மனிதரைக் குளிரிலிருந்து காப்பது எப்படி என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. சூடு குறையும்போது எல்லோரும் முதலில் நெருப்பையே குறை சொல்கிறார்கள். பழுது பெரும்பாலும் நெருப்புக்கு வந்து சேரும் எரிபொருள், காற்று, மின்சாரம் ஆகியவற்றின் பாதையிலோ, சூடு வெளியேறும் பாதையிலோதான் இருக்கும். இதை அந்த வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

கால் சூடேற்றியும் கரியடுப்பும்

தொடக்ககால ஐரோப்பிய ரயில்பெட்டிகளில் சூடேற்றும் வசதி எதுவும் இல்லை. இங்கிலாந்தில் வெந்நீர் நிரப்பிய தட்டையான தகரக் கலன்களை நிலையங்களில் ஏற்றிப் பயணிகளின் காலடியில் வைத்தார்கள். அவை விரைவில் ஆறிவிடும். அடுத்த பெரிய நிலையத்தில் மாற்ற வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெந்நீருக்குப் பதிலாகச் சோடியம் அசிட்டேட் என்னும் உப்பு நிரப்பிய கலன்கள் வந்தன. இந்த உப்பு ஏறத்தாழ 58 பாகையில் உருகும்; மீண்டும் உறையும்போது உள்ளடங்கிய வெப்பத்தை மெல்ல வெளியிடும். அதனால் வெந்நீரைவிட நெடுநேரம் சூடு தாங்கியது. இன்று கடைகளில் விற்கும் கைச் சூட்டுப் பைகள் சிலவற்றில் இருப்பதும் இதே உப்புதான்.

அமெரிக்காவில் தொலைவும் குளிரும் கூடுதல். அங்கே பெட்டிக்குள்ளேயே இரும்பு அடுப்பைப் பொருத்தி விறகும் நிலக்கரியும் எரித்தார்கள். அடுப்பருகே அமர்ந்தவர் வியர்த்தார். கடைசி இருக்கையில் இருந்தவர் நடுங்கினார். அடுப்பு வலுவாக எரிந்தும் பெட்டி சூடாகவில்லை. சூட்டைப் பரப்பும் வழி இல்லாததே காரணம்.

இதைவிடப் பெரிய ஆபத்து விபத்தின்போது தெரிந்தது. 1876 டிசம்பர் 29 அன்று ஒகையோ மாநிலத்தின் ஆஷ்டபூலாவில் பனிப்புயலின் நடுவே பாலம் இடிந்து ரயில் பள்ளத்தில் விழுந்தது. மரப்பெட்டிகளில் இருந்த அடுப்புகளும் விளக்குகளும் தீ மூட்டின. ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். வீழ்ச்சியில் உயிர் தப்பியவர்களில் பலர் தீயில் மாண்டனர். 1887 பிப்ரவரி 5 அன்று வெர்மான்ட் மாநிலத்தில், உறைந்து கிடந்த வொயிட் ஆற்றின் மேலிருந்து பெட்டிகள் கவிழ்ந்தபோதும் இதே கதை நடந்தது. அதன்பின் பெட்டிக்குள் அடுப்பு வைப்பதற்கு எதிரான குரல் வலுத்தது, சட்டங்களும் வந்தன.

நீராவிக் குழாயின் காலம்

மாற்று வழி ரயிலின் முன்பகுதியிலேயே இருந்தது. நீராவி எந்திரத்தின் கொதிகலனிலிருந்து ஒரு பங்கு நீராவியைக் குழாய் வழியாகப் பெட்டிகளுக்கு அனுப்பினால், பெட்டிக்குள் நெருப்பே தேவையில்லை. பெட்டிகளுக்கு இடையே வளையும் குழாய்களால் இணைப்பு தந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இம்முறை பரவியது.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. நீராவி பின்னோக்கிச் செல்லச் செல்ல வெப்பத்தை இழந்து நீராக மாறும். எந்திரத்தை ஒட்டிய பெட்டியில் கதகதப்பு. கடைசிப் பெட்டியில் குளிர். குளிர்ந்த நீர் குழாயின் தாழ்ந்த இடத்தில் தேங்கி உறைந்துவிட்டால் அதற்குப் பின்னுள்ள பெட்டிகளுக்கு நீராவியே போகாது. ஆகவே 'சூடு வரவில்லை' என்று புகார் வந்தால் தொழிலாளர் கொதிகலனை விட்டுவிட்டு, குழாய் இணைப்புகளையும் நீர் வடியும் அடைப்பிதழ்களையுமே முதலில் பார்த்தார்கள்.

டீசல் எந்திரங்கள் வந்தபோது ஒரு விந்தையான இடைக்காலம் உருவானது. வண்டியை இழுக்க நீராவி தேவையில்லை. ஆனால் பெட்டிகளின் குழாய்கள் நீராவிக்காகக் கட்டப்பட்டவை. எனவே பயணிகள் ரயிலை இழுத்த டீசல் எந்திரங்கள் பலவற்றுக்குள் சூடேற்றுவதற்கென்றே சிறு கொதிகலன் ஒன்றும் பொருத்தப்பட்டது. பிறகு எந்திரத்திலிருந்து மின்சாரத்தைப் பெட்டிகளுக்கு அனுப்பி மின்சூடேற்றிகளை இயக்கும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. மின்கம்பியில் நீர் தேங்காது. கடைசிப் பெட்டியும் முதல் பெட்டியும் ஒரே சூட்டைப் பெற முடிந்தது.

பெரம்பூரிலிருந்து காஷ்மீருக்கு

பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் அது உருவானது. குளிர்நாட்டு வடிவமைப்பை வெப்பநாட்டுக்கு ஏற்ப மாற்றியதே அதன் தொடக்க வேலை. அரை நூற்றாண்டுக்குப் பின் அந்தப் பாதை திசை திரும்பியது.

2008 அக்டோபர் 11 அன்று காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் முதல் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கான டீசல் மின் தொடர்வண்டிகள் பெரம்பூரில் கட்டப்பட்டவை. பயணிகள் பகுதியில் சூடேற்றும் அமைப்பு இருந்தது. ஓட்டுநர் அறைக்கும் தனியே சூடேற்றியும், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் வசதியும் தரப்பட்டன. தண்டவாளத்தில் கிடக்கும் பனியை வெட்டித் தள்ளும் தடுப்பும் முகப்பில் பொருத்தப்பட்டது. 2013இல் 11 கிலோமீட்டருக்கும் நீளமான பீர் பாஞ்சால் சுரங்கப்பாதை வழியே இந்த வழித்தடம் பனிஹால் வரை நீண்டது.

2025 ஜூன் 6 அன்று கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வந்தே பாரத் ரயில் தொடங்கப்பட்டது. இதில் பயணிகளின் சூட்டோடு இன்னொரு கவலையும் கவனிக்கப்பட்டது. தண்ணீர்த் தொட்டியும் கழிவறைத் தொட்டியும் உறையாமலிருக்கச் சூடேற்றும் அமைப்புகள் சேர்க்கப்பட்டன. ஓட்டுநரின் முன்கண்ணாடிக்குள்ளேயே சூடேற்றும் இழை வைக்கப்பட்டது. மனிதர் அமரும் இடம் கதகதப்பாக இருந்தால் மட்டும் போதாது, தண்ணீர் ஓடும் குழாயும் உறையக் கூடாது என்பது இதன் பின்னாலுள்ள எண்ணம்.

கேரவன் உலை வேலை செய்யும் விதம்

ரயிலில் பெரிய எந்திரத்தின் துணை உண்டு. காரின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் கேரவனுக்கு அது இல்லை. பொழுதுபோக்குக்காகவே கட்டப்பட்ட தொடக்ககாலக் கேரவன்களில் புகழ்பெற்றது 1885இல் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கட்டுவித்த 'வாண்டரர்'. அது குதிரைகள் இழுத்த மரவீடு. 20ஆம் நூற்றாண்டில் மோட்டார் வாகனமும் திரவ எரிவாயு உருளையும் பரவியபின், கேரவனுக்குள் விசிறியுடன் கூடிய எரிவாயு உலை இடம்பிடித்தது.

இந்த உலை படிப்படியாக இயங்குகிறது. அறை குளிர்ந்ததை வெப்பநிலைக் கட்டுப்படுத்தி உணர்ந்தவுடன் முதலில் விசிறி சுழலும். விசிறி போதிய வேகத்தை அடைந்தால் காற்று ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளி ஒரு சுவிட்சை மூடும். அதன்பிறகே எரிவாயு திறந்து தீப்பொறி எழும். எரியும் வாயு ஓர் அடைத்த உலோக அறைக்குள் எரிந்து புகைக்குழாய் வழியே வெளியேறும். அறைக்காற்று அந்த உலோகத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடாகிறது. புகையும் மூச்சுக்காற்றும் கலப்பதே இல்லை. சூடு அளவை மீறினால் இன்னொரு சுவிட்ச் தீயை அணைத்துவிடும்.

சூடு குறையும்போது பார்க்க வேண்டியவை

மேற்சொன்ன வரிசையை அறிந்தவருக்குப் பழுதைக் கண்டறிவது எளிது.

விசிறி சுழல்கிறது, ஆனால் குளிர்ந்த காற்றே வருகிறது என்றால் மின்கலத்தை முதலில் சோதிக்க வேண்டும். உலையின் விசிறி 12 வோல்ட் மின்கலத்தில் ஓடுகிறது. ஈய அமில மின்கலம் உறைநிலைக் குளிரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலை இழக்கும். மின்னழுத்தம் குறைந்தால் விசிறி மெதுவாகச் சுழலும். காற்றுச் சுவிட்ச் மூடாது. தீ எழவே எழாது. காற்று உள்வாங்கும் வழியில் குளவிக்கூடோ, தூசியோ, சாய்த்து வைத்த பெட்டியோ அடைத்திருந்தாலும் இதுவே நடக்கும்.

தீ எழுந்து சிறிது நேரத்தில் அணைந்து, மறுபடி எழுகிறது என்றால் சூடு வெளியேற வழியில்லை என்று பொருள். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சூட்டுத் துளைகளை மூடிவைப்பதே இதற்கு வழக்கமான காரணம்.

தீ மெலிந்து எரிந்தால் உருளையைப் பார்க்க வேண்டும். திரவ எரிவாயுவில் உள்ள புரோப்பேன் சுழியத்துக்குக் கீழே 42 பாகையில்தான் கொதிப்பதை நிறுத்தும். பியூட்டேனோ உறைநிலையை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். பியூட்டேன் மிகுந்த உருளை கடுங்குளிரில் நிறைந்திருந்தும் வாயு தராது. பாதி தீர்ந்த உருளையில் ஆவியாகும் பரப்பு குறைவதால் அழுத்தமும் குறையும். ஈரம் புகுந்த ரெகுலேட்டர் உறைந்துபோவதும் உண்டு.

தீ நன்றாக எரிந்தும் அறை குளிர்ந்திருந்தால், தரைக்கடியில் கழன்றோ நசுங்கியோ போன காற்றுக் குழாய், ஒற்றைக் கண்ணாடிச் சன்னல், கதவிடுக்கு ஆகியவற்றில் தேட வேண்டும்.

எரிபொருளே குளிருக்குத் தோற்பதற்கு லடாக் நல்ல சான்று. சாதாரண டீசல் அங்கே மெழுகாகத் திரண்டு ஓட்டத்தை இழக்கும். அதனால் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், சுழியத்துக்குக் கீழ் 33 பாகை வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை லடாக்குக்கு அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். தீக்குக் கிடைக்கும் ஆக்சிசனும் அதற்கேற்பக் குறையும். சமவெளியில் நன்றாக எரிந்த அடுப்பு அங்கே புகைவதற்கு இதுவே காரணம்.

அவசர வழியின் ஆபத்து

உலை சூடு தராத இரவில் பலரும் செய்யும் தவறு, காற்றுத் துளைகளை அடைத்துவிட்டுக் கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ உள்ளே மூட்டுவது. ஆக்சிசன் போதாமல் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் கூடுதலாக அதைப் பற்றிக்கொள்ளும். உறங்குபவர் விழிப்பதே இல்லை.

2020 ஜனவரி 21 அன்று நேபாளத்தின் தாமன் என்னும் மலையூரில், எரிவாயுச் சூடேற்றி வைத்து மூடிய விடுதி அறையில் உறங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். நம் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி நெருப்பு வைத்து உறங்கியவர்கள் இறந்த செய்திகள் வந்துள்ளன. குளிர் அதிகம் பழகாத சமவெளி மக்களே இதில் எளிதாகச் சிக்குகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் குளிரில் வாழும் காஷ்மீர், லடாக் மக்கள் 'புகாரி' என்னும் இரும்பு அடுப்பின் புகைக்குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுசெல்வதில் கவனமாக இருப்பார்கள்.

ஆகவே உலை நின்றுவிட்டால் எரிவாயுவை மூடி, கனத்த ஆடையையும் போர்வையையும் நம்புவதே பாதுகாப்பு. எரிவாயு உலை உள்ள எந்த வண்டியிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருப்பது கட்டாயத் தேவை.

முடிவுரை

நெருப்பை மனிதரிடமிருந்து மெல்ல மெல்ல விலக்கி, சூட்டை மட்டும் அவரிடம் கொண்டுவந்ததே இந்த வரலாற்றின் போக்கு. பெட்டிக்குள் இருந்த அடுப்பு எந்திரத்தின் கொதிகலனுக்குப் போனது. பிறகு மின்கம்பியாக மாறியது. கேரவனில் அடைத்த உலோக அறைக்குள் ஒடுங்கியது. ஊட்டிக்கும் லடாக்குக்கும் வண்டியிலேயே தங்கிப் பயணம் செய்யும் வழக்கம் தமிழரிடையேயும் பரவிவருகிறது. மின்கலம், காற்று வழி, உருளை, குழாய் என்ற நான்கையும் மலை ஏறுவதற்கு முன்பே சமவெளியில் ஒருமுறை சோதித்துவிட்டால், குளிர்ந்த நள்ளிரவில் உயிரைப் பணயம் வைக்கும் முடிவை எடுக்க வேண்டியிராது.