ராமநாதன் கிருஷ்ணன் மறுத்த பணம்



டென்னிஸ் என்றதும் உங்களில் பலர் லியாண்டர் பயஸைச் சொல்வீர்கள். கொஞ்சம் மூத்தவர்கள் விஜய் அமிர்தராஜைச் சொல்வீர்கள். அவர்களுக்கெல்லாம் முன்னோடி ராமநாதன் கிருஷ்ணன். 1937-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் அப்பா டி.கே. ராமநாதன்.

1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள் அவர்தான். இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பர். அந்தக் கூப்பர் 1958-ல் பெரியவர்களுக்கான விம்பிள்டன் பட்டத்தையே வாங்கிவிட்டார்!

கிருஷ்ணனுக்கோ அது கைக்கெட்டும் தூரம் வந்து நழுவியது. 1960-ல் அரையிறுதியில் நீல் ஃபிரேசரிடம் தோற்றார். 1961-ல் கால் இறுதியில் ராய் எமர்சனை மூன்றே செட்களில் வீழ்த்தியவர், அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றார். இரண்டு முறையும் அவரை வென்றவர்தான் கோப்பையையும் வென்றார். 1962-ல் போட்டித் தரவரிசையில் நான்காம் இடம் கொடுத்தார்கள். இந்த முறை கணுக்கால் காயம். மூன்றாம் சுற்றோடு விலக வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவில் ஒரு முடிவும் எடுத்தார். அந்தக் காலத்தில் விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம். பணத்துக்கு ஆடுகிறவர்கள் ஊர் ஊராகப் போய்த் தனியாக ஆடுவார்கள். அந்தக் குழுவை நடத்திய ஜாக் கிரேமர், பெருந்தொகை தருவதாகக் கிருஷ்ணனை அழைத்தார். அவர் மறுத்துவிட்டார்.

அந்த மறுப்பின் பலன் 1966-ல் தெரிந்தது. கல்கத்தாவில் பிரேசிலுடன் டேவிஸ் கோப்பை ஆட்டம். இரு நாடுகளும் 2-2 என்று சமம். கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோச்சை எதிர்த்துக் கிருஷ்ணன். இரண்டு செட்கள் போய்விட்டன. நான்காவது செட்டில் 2-5. இன்னும் ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. அங்கிருந்து தொடர்ந்து ஐந்து கேம்கள் எடுத்து அந்த செட்டை 7-5 என்று மீட்டார். ஐந்தாவதை 6-2 என்று முடித்தார். இந்தியா முதன்முறையாக இறுதிக்குப் போனது.

மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். கிடைத்த அந்த ஒரே வெற்றி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப், ரோச் ஜோடியை வென்றது.

கிரேமரிடம் கையெழுத்துப் போட்டிருந்தால் கல்கத்தாவில் அவர் இருந்திருக்க முடியாது. 1968-ல் விம்பிள்டன் கதவு எல்லோருக்கும் திறந்தபோது அவருக்கு வயது 31. அவர் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. இழந்தது உண்மையான பணம்தான்; அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் 2-5 என்ற நிலையில் நாட்டுக்காக நிற்க ஒருவர் இருந்தார் அல்லவா?

சம்பளம், பதவி, வெளிநாடு என்று முடிவெடுக்கும் வயதில் இருக்கிறீர்கள். அவர் இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.