ஆல்பனியும் பர்மிங்ஹாமும்

உரிமைப் போராட்டங்களின் வரலாற்றைப் படிப்போர் தலைவர்களின் வீரத்தையும் தியாகத்தையும் கண்டு வியப்பது இயல்பு. அந்த வீரம் எவ்விடத்தில், எந்நாளில், எவரை நோக்கிச் செலுத்தப்பட்டது என்று வினவுவோர் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் நடத்திய இரு கிளர்ச்சிகளைக் கொண்டு இவ்வினாவை ஆராய விழைகிறேன்.

முதலாவது, ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் 1961 நவம்பரில் தொடங்கியது. பேருந்து நிலையம், நூலகம், பூங்கா, உணவுச்சாலை என இனப் பிரிவினை நிலவிய இடங்கள் அனைத்திலும் அதனை ஒரே சமயத்தில் எதிர்த்தனர். டிசம்பரில் மார்ட்டின் லூதர் கிங் வந்து சேர்ந்தார். நூற்றுக்கணக்கானோர் சிறை புகுந்தனர். ஆனால் நகரப் போலீஸ் தலைவர் லாரி பிரிச்செட் மதிநுட்பம் மிக்கவர்; அகிம்சைப் போர்முறையை அவரும் பயின்றிருந்தார்! பிறர் காணத் தம் காவலர் கைநீட்டலாகாது என்று கட்டளையிட்டார். சுற்றுவட்டாரச் சிறைகளில் முன்னதாகவே இடம் பிடித்து வைத்தார். 1962 ஜூலையில் கிங் அபராதம் கட்ட மறுத்துச் சிறையிலிருந்தபோது, யாரோ ஒருவர் பணம் கட்டிவிட்டார் என்று சொல்லி அவரை வெளியே அனுப்பிவிட்டனர். சிறையிலிருக்கவும் இடங்கொடாத எதிரியை என்செய்வது? ஆகஸ்டில் கிங் வெறுங்கையராய் ஊர் திரும்பினார். எல்லாவற்றையும் ஒருங்கே தாக்கியதே பிழை என்று பின்னாளில் அவரே கூறினார்.

அடுத்த களம் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம். அங்கே பன்னாள் போராடிவந்த பாதிரியார் பிரெட் ஷட்டில்ஸ்வொர்த் அவரை அழைத்தார். நகர மக்களில் 100க்கு ஏறத்தாழ 40 பேர் கறுப்பினத்தார். அவர்களுள் வாக்காளராய்ப் பதிவானோர் சிலரே. ஆகவே நகர மன்றத்தை அவர்களால் அசைக்க இயலாது. ஆயின் கடைவீதியில் அவர்கள் செலவிட்ட பணமின்றி வணிகர் பிழைத்தல் அரிது. எனவே கடைவீதியே குறி என்று தீர்மானித்தனர். கிங்கின் துணைவர் வயட் டீ வாக்கர், கடைகளின் சிற்றுண்டிப் பகுதிகளில் எத்தனை இருக்கைகள் உள்ளன என்று எண்ணினார். பதினாறாம் தெரு ஆலயத்திலிருந்து அங்கு நடந்துசெல்ல எவ்வளவு நேரமாகும் என்றும் கணக்கிட்டார். முதற்குறி தடைப்பட்டால் செல்லவேண்டிய மாற்றிடங்களையும் குறித்துக்கொண்டார். மேடை முழக்கங்களைவிட இந்தக் கணக்கே என் உள்ளத்தை மிகவும் கவர்கிறது.

நாளும் ஆராய்ந்தே குறிக்கப்பட்டது. ஈஸ்டருக்கு முந்திய வாரங்கள், நம்மூர்த் தீபாவளிக் காலம்போல வணிகம் செழிப்பவை. எனினும் காவல்துறைப் பொறுப்பிலிருந்த புல் கானர் மேயர் தேர்தலில் நின்றமையால், கிளர்ச்சி அவருக்கு வாக்குச் சேர்த்துவிடுமென அஞ்சிக் காத்திருந்து, தேர்தலுக்கு மறுநாள், 1963 ஏப்ரல் 3இல், தொடங்கினர். தேர்தலில் தோற்றும் கானர் பதவியைவிட்டு இறங்க மறுத்தார்.

ஏப்ரல் 12இல் கிங் சிறைப்பட்டார். அங்கிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், உண்மைகளைத் திரட்டல், பேச்சுவார்த்தை, உளத்தூய்மை ஆகிய மூன்றுக்கும் பின்னரே நேரடிச் செயல் என்று வரிசைப்படுத்தினார்.

நாளடைவில் தொண்டர் தொகை குறைந்தது. வேலை போய்விடுமென்று பெரியோர் தயங்கினர். பள்ளி மாணவரை அழைக்கலாம் என்றார் ஜேம்ஸ் பெவல். மே 2இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறார் ஆலயத்திலிருந்து அணி அணியாகப் புறப்பட்டனர். மறுநாள் கானர் தீயணைப்புக் குழாய்களையும் நாய்களையும் ஏவினார். பிரிச்செட் எதைச் செய்யாமலிருந்து வென்றாரோ, அதனையே கானர் செய்தார். படங்கள் உலகெங்கும் பரவின.

சிறுவரைக் களத்தில் நிறுத்தியது தகுமா? ராபர்ட் கென்னடியும் மால்கம் எக்ஸும் அன்றே கண்டித்தனர். வெற்றியைக் காட்டி அதனை நியாயப்படுத்த என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் பிறந்தது முதல் அப்பிரிவினையில் வளர்ந்த அம்மாணவர்க்கு அதை எதிர்ப்பதில் பங்கில்லை என்று கூறவும் இயலவில்லை.

மே 10இல் உடன்பாடு ஏற்பட்டது. சிற்றுண்டிப் பகுதிகளையும் உடை அணிந்து பார்க்கும் அறைகளையும் பொதுவாக்க வணிகர் இசைந்தனர். செப்டம்பர் 15இல், சிறார் புறப்பட்ட அதே ஆலயத்தில் குண்டு வெடித்துச் சிறுமியர் நால்வர் மாண்டனர். குடிமை உரிமைச் சட்டம் 1964 ஜூலை 2இல் கையெழுத்தாயிற்று.