பிராங்கோஸ்கோபி பண்ணணுமா? மயக்க மருந்து பத்தித் தெரிஞ்சுக்கோங்க!

"நுரையீரலுக்குள்ள டியூப் விட்டுப் பார்க்கணும்" என்று டாக்டர் சொன்னதுமே பலருக்கு மூச்சு முட்டிவிடும். 'முழிச்சிட்டே இருக்கணுமா, வலிக்குமா?' என்ற பயத்தில் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். சளியில் ரத்தம் வருவதற்குக் காரணம் காசநோயா, புற்றுநோயா என்று தெரியாமல் நாள் கடத்துவதுதான் உண்மையான ஆபத்து. பிராங்கோஸ்கோபியில் கத்தி கிடையாது. கேமரா பொருத்திய, வளையும் மெல்லிய குழாய் மூக்கு அல்லது வாய் வழியாக உள்ளே போகும். அதைத் தாங்க உதவும் மருந்துகள் இவை:

மரத்துப்போக மட்டும்: தொண்டையில் லிக்னோகெய்ன் ஸ்பிரே அடிப்பார்கள். கசக்கும், தொண்டை தடித்த மாதிரி இருக்கும். முழு நினைவோடு இருப்பீர்கள், இருமல் வரும். சின்னப் பரிசோதனைக்குப் போதும். சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்பலாம்.

அரைத்தூக்கம்: ஸ்பிரேயோடு மிடாசோலம், ஃபென்டனைல் ஊசி. முதலாவது பதற்றத்தைக் குறைக்கும். நடந்தது பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. இரண்டாவது இருமலை அடக்கும். இரண்டுமே சுவாசத்தை மந்தமாக்கலாம். ஆனால், இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு.

புரொப்போஃபால்: ஒரு நிமிடத்துக்குள் தூக்கம், மருந்தை நிறுத்தியதும் சட்டென்று விழிப்பு. இதற்கு மாற்று மருந்து இல்லை. அளவு கொஞ்சம் கூடினாலும் மூச்சு நிற்கலாம் என்பதால், இதைக் கையாளப் பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

டெக்ஸ்மெடிடோமிடின்: கூப்பிட்டால் விழிக்கும் அளவுக்கு லேசான தூக்கம். சுவாசத்தை அதிகம் பாதிக்காது. ஆனால், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறையலாம்.

முழு மயக்கம்: குழந்தையின் மூச்சுக்குழாயில் வேர்க்கடலை சிக்குவது போன்ற நேரத்தில், வளையாத குழாய் போட இது தேவை.

'எது பெஸ்ட்?' என்றால், எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. நுரையீரல் ஏற்கெனவே பலவீனமானவருக்கு ஆழ்ந்த தூக்கமே ஆபத்தாகலாம். அதனால குறட்டை, ஆஸ்துமா, இதய நோய், அலர்ஜி, குடிப்பழக்கம், தூக்க மாத்திரை... எதையும் டாக்டரிடம் மறைக்காதீங்க. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லணும். நீங்களா நிறுத்தக் கூடாது.

முன்னும் பின்னும்: மயக்க மருந்து தருவதாக இருந்தால் பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டையும், 2 மணி நேரத்துக்கு முன்பே தண்ணீரையும் நிறுத்தச் சொல்வார்கள். முடிந்த பிறகு, தொண்டை மரப்பு போகும்வரை ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஊசி போட்டிருந்தால் 24 மணி நேரத்துக்கு பைக், கார் ஓட்டாதீங்க, பத்திரத்தில் கையெழுத்தும் போடாதீங்க. 'தெளிவாத்தான் இருக்கேன்' என்று உங்களுக்குத் தோன்றும். மூளை இன்னும் முழுசா விழித்திருக்காது. கூட ஒருவரை அழைத்துப் போங்க.

லேசான காய்ச்சல், தொண்டை வலி, சளியில் ரத்தக் கீற்று ஓரிரு நாள் இருக்கலாம். ரத்தம் அதிகமாக வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.